மற்ற மூன்று டயர்கள்

முதலில் மன்னித்துவிடுங்கள். என் கையெழுத்து கோழி கிளறிய குப்பைமேடு போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். ல, ள, ழ மூன்றும் எனக்கு ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி. எதிரில் வந்து நின்றாலும் யார் மூத்தவர், யார் இளையவர் என்று தெரியாது. தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

இதை எழுத உட்கார்ந்ததற்கு ஒரே காரணம்தான். எங்கள் சொந்தக்காரர்கள் நடுவில் என்னைப் பற்றி ஒரு பொய் உலவுகிறது. 'நிச்சயதார்த்தத்துக்குப் போன இடத்தில் பெண்ணை விறகுத் தராசில் உட்காரவைத்து எடை போட்டவன்' என்கிறார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், நான் பெண்ணை எடை போடவில்லை. பெண்ணின் அப்பா, அம்மா, பெரியப்பா, பெரியம்மா, தாய்மாமன் ஆகிய ஐந்து பேரைத்தான் எடை போட்டேன்.

எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. வேலப்பன்சாவடியில் நெடுஞ்சாலை ஓரத்து பெட்ரோல் பங்கில் வண்டிகளுக்குக் காற்று பிடிப்பதும் பஞ்சர் ஒட்டுவதும் என் வேலை. கூச்சம் என்றால் அப்படி ஒரு கூச்சம். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தில் 'ஹோல்டான்' சொல்ல வெட்கப்பட்டு, பூந்தமல்லி வரை போய், அங்கிருந்து நடந்தே திரும்பியிருக்கிறேன். (ஒரு தடவை இல்லை.) இப்படிப்பட்டவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? முப்பத்திரண்டு வயது வரை யாரும் கொடுக்கவில்லை.

காற்று பிடிப்பதில் எனக்குத் தெரிந்த கணக்கு இரண்டுதான். காருக்கு இருபத்திநாலு, லாரிக்கு எண்பது. இதை வைத்தே பத்து வருஷம் ஓட்டிவிட்டேன். ஒருநாள் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை செய்கிற ஓர் இன்ஜினியர் காரோடு வந்தார். எவ்வளவு அடித்தாய் என்று கேட்டார். இருபத்திநாலு என்றேன். அவ்வளவுதான், நான்கு பேர் எதிரில் பிடித்துக்கொண்டார்.

"எவ்ளோ வெயிட் தாங்கும், எவ்ளோ காத்து அடிக்கலாம்னு டயர் பக்கவாட்டுலயே எழுதியிருக்கான் பாருய்யா! பத்து வருஷமா டயரைத் தடவிக்கிட்டு இருக்கே, ஒருநாளாவது படிச்சிருக்கியா?"

நான் சிரித்தேன். கூச்சம் வந்தால் எனக்குச் சிரிப்பு வரும். அவர் இன்னும் கோபமாகிப் போய்விட்டார்.

அன்றிலிருந்து எனக்கு வெறி பிடித்தது. டயர் டயராகக் குனிந்து பார்க்க ஆரம்பித்தேன். இங்கிலீஷ் எழுத்து தெரியாது, ஆனால் எண்கள் தெரியும். பங்க் முதலாளி அந்தச் சமயத்தில்தான் ஹார்பர் ஏலத்தில் நான்கு சீமை டயர் எடுத்து, தன் கறுப்பு அம்பாசிடருக்குப் போட்டிருந்தார். அந்த டயர்களில் எழுத்து நன்றாகப் புடைத்துத் தெரியும். ஒரு சிகரெட் அட்டையைக் கிழித்து, எழுத்தைப் படம் வரைவது போல அப்படியே வரைந்து, எங்கள் ஊர் டாக்டரிடம் வேலை பார்த்த கம்பவுண்டரிடம் கொண்டுபோனேன்.

கம்பவுண்டர் மருந்து கலக்கிக்கொண்டே படித்தார். "ஆயிரத்தி அம்பது ராத்தல் வெயிட் தாங்கும்னு போட்டுக்கீது. காத்து முப்பத்திரண்டு. கிலோவுல சொல்லணும்னா..." என்று சுவரைப் பார்த்துக் கணக்குப் போட்டார். "நானூத்தி எழுபத்தாறு."

எது தாங்கும் என்று அவர் கேட்கவில்லை. எதிலிருந்து வரைந்தேன் என்று நானும் சொல்லவில்லை. கார் தாங்குகிற மொத்த எடை அது என்று நானே முடிவு செய்துகொண்டேன். நானூற்று எழுபத்தாறு. இரண்டு நாள் அந்த எண்ணை வாய்க்குள் வைத்துச் சப்பிக்கொண்டே இருந்தேன். முதன்முதலாக எனக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கிறது! இந்த எண்ணம் ஒரு மனிதனை என்ன பாடுபடுத்தும் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து எனக்குச் சம்பந்தம் கூடிவந்தது. பெண் மேனாம்பேடு. பெயர் கஸ்தூரி. எட்டாம் வகுப்பு படித்தவள். என்னைப் போய் எட்டாம் வகுப்புக்குப் பிடித்திருக்கிறதாம்! என் அம்மா மூன்று நாள் நம்பவில்லை. மாங்காட்டு அம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமை காலை தட்டு மாற்றுவது என்று பேசினார்கள். பத்தரை மணிக்கு ராகுகாலம் பிறந்துவிடும், அதற்குள் முடித்துவிட வேண்டும். பெண் வீட்டாரை அழைத்துவர மாப்பிள்ளை வீட்டார்தான் வண்டி அனுப்ப வேண்டும் என்பது எங்கள் வழக்கம். முதலாளி தன் அம்பாசிடரைக் கொடுத்தார். ஒரு நிபந்தனை சொன்னார்.

"கோவிந்து, சீமை டயரு. நீயும் கூடவே போ. அதுக்கு எதுனா ஆச்சி, என் மூஞ்சில முழிக்காதே."

மாப்பிள்ளையே பெண் வீட்டாரை அழைக்கப் போவது எங்கும் இல்லாத வழக்கம். முதலாளியிடம் அதைச் சொல்லக் கூச்சம். தலையை ஆட்டினேன்.

வெள்ளிக்கிழமை காலை நான்கு டயருக்கும் முப்பத்திரண்டு பிடித்தேன். டிரைவர் பக்கிரி அண்ணாத்தே பல்குச்சியோடு வந்து டயரை ஓர் உதை விட்டார்.

"இன்னா மாமே, கல்லு மாதிரி கீது? இருபத்தி நாலு போதுமே."

"எழுதிக்கீது அண்ணாத்தே."

"யாரு எழுதனது?"

"டயர்ல."

அவர் பல்குச்சியைத் துப்பிவிட்டு முகம் கழுவப் போனார். நான் இன்னொரு காரியமும் செய்தேன். எடை குறையட்டும் என்று டிக்கியிலிருந்த ஸ்டெப்னி, ஜாக்கி, கைப்பம்பு மூன்றையும் இறக்கி பங்கிலேயே வைத்துவிட்டேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

மேனாம்பேட்டில் நான் காரை விட்டு இறங்கியதும், "ஐயோ, மாப்ளயே வந்துட்டாரு!" என்று பெண்ணின் அம்மா உள்ளே ஓடினார். எல்லோரும் பட்டுச் சேலையும் புது வேட்டியுமாகத் தயாராக நின்றார்கள். தட்டுகள், பழம், தேங்காய், பித்தளைக் குத்துவிளக்கு எல்லாம் வாசலில் இருந்தன. நான் ஒவ்வொருவரையும் பார்த்தேன். மனிதர்களாகத் தெரியவில்லை. கிலோவாகத் தெரிந்தார்கள். அதிலும் பெரியம்மா தனபாக்கியத்தைப் பார்த்ததும் பையிலிருந்த சிகரெட் அட்டையை ஒரு தடவை எடுத்துப் பார்த்துக்கொண்டேன்.

எல்லோரும் ஏற முடியாது, டயர் இவ்வளவுதான் தாங்கும் என்று சொல்ல வேண்டும். யாரிடம் சொல்வது? எப்படிச் சொல்வது? எதிர்ப்புறம் விறகு விற்கிற தொட்டி ஒன்று இருந்தது. பெரிய தராசு ஒன்று விட்டத்திலிருந்து சங்கிலியில் தொங்கியது. அதைப் பார்த்ததும் கடவுளே வழி காட்டியது போல இருந்தது. நான் வாய் திறக்க வேண்டாம், தராசே சொல்லிவிடும்!

தாய்மாமனிடம் போய் மெல்ல, "எல்லாரும்... அந்தத் தராசுல... ஒரு தடவ..." என்று கையைக் காட்டினேன்.

அவர் தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்னா மாப்ளே, வேண்டுதலா?"

நான் தரையைப் பார்த்தேன். எங்கள் பக்கம் தரையைப் பார்த்தால் ஆமாம் என்று அர்த்தம்.

"அக்கா! மாப்ள ஊட்ல அம்மனுக்கு துலாபாரம் வேண்டிகினு கீறாங்களாம். எல்லாரும் தராசுல ஒக்காரணுமாம்!"

இல்லை என்று சொல்ல எனக்கு நிறைய நேரம் இருந்தது. பெரியம்மா தெருவைக் கடந்து போகும்வரை நேரம் இருந்தது. "பாத்துக்கோ, பக்தியான புள்ள. உனக்கு இந்தப் பக்தி கீதா?" என்று அவர் பெரியப்பாவைத் திட்டி முடிக்கும்வரை நேரம் இருந்தது. எடைக்கற்களுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, தராசுத் தட்டில் கற்பூரம் கொளுத்தும்வரைகூட இருந்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

தொட்டிக்காரர் ஏகாம்பரம் பனியனோடு வெளியே வந்து கற்பூரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவருக்கு ஒரு தொழில் முறை உண்டு. எடையை உரக்கக் கூவுவார். உள்ளே இருக்கும் அவர் மனைவி அதைக் கேட்டுச் சுவரில் கரியால் எழுதுவார். மெதுவாகச் சொல்ல அவருக்குத் தெரியாது.

முதலில் நானும் பக்கிரி அண்ணாத்தேயும் உட்கார்ந்தோம். நான் ஐம்பத்தொன்று, அவர் அறுபத்திரண்டு. பிறகு பெண்ணின் அப்பா பயபக்தியோடு தட்டில் ஏறிச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டார்.

"அம்பத்தெட்டு! கட்ட எறக்கு!" என்று கூவினார் ஏகாம்பரம். அப்பா இறங்கினார். அம்மா அறுபத்தாறு. பெரியப்பா அறுபது. தாய்மாமன் ஐம்பத்துநாலு. தெருவில் கூட்டம் சேர்ந்துவிட்டது.

கடைசியில் பெரியம்மா. இரண்டு பேர் தாங்கிப் பிடித்து ஏற்றினார்கள். தராசு ஒரு முனகு முனகியது. அவர் கண்ணை மூடிக் கைகூப்பிக்கொண்டு, "எதிர்த்தட்டுல இன்னா வெக்கிறீங்க, வெல்லமா, வாழப்பயமா?" என்று கேட்டார்.

"கல்லு தாம்மா," என்றார் ஏகாம்பரம். இருபது கிலோ கல் நான்கு வைத்தார். போதவில்லை. இன்னும் வைத்தார். பிறகு தெருக்கோடி வரை கேட்கும்படி, "தொண்ணூத்தி நாலு!" என்றார். அதோடு விட்டிருக்கலாம். பழக்க தோஷத்தில், "ஈரக் கட்ட!" என்றும் சேர்த்துவிட்டார்.

கூட்டம் சிரித்தது. பெரியம்மா கண்ணைத் திறக்கவில்லை. அம்மன் பேரில் அதையும் பொறுத்துக்கொண்டார்.

தட்டு, விளக்கு, தேங்காய் எல்லாம் சேர்த்து முப்பது. சிகரெட் அட்டையில் கூட்டினேன். நானூற்று எழுபத்தைந்து. மறுபடி கூட்டினேன். அதே நானூற்று எழுபத்தைந்துதான். ஒரு கிலோ மிச்சம்.

மல்லிகைப்பூவோடு கஸ்தூரி கார் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஒல்லியான பெண்தான். ஆனாலும் ஒரு கிலோ இருக்க வாய்ப்பில்லை.

யாராவது ஒருவர் இறங்கினால் அவள் ஏறலாம். ஆனால் ஐந்து பேரும் பெரியவர்கள். அவர்களில் யாரைப் பார்த்து இறங்குங்கள் என்று சொல்வது? அங்கே நின்றவர்களில் என்னைவிடச் சின்னவள் ஒருத்திதான். என்னால் சொல்ல முடிந்தது அவளிடம் மட்டும்தான். அவளிடமும் நேராகச் சொல்லவில்லை. தாய்மாமனிடம் சொன்னேன்.

"பொண்ணு... அடுத்த நடையில வரட்டும்."

"இன்னாது?" என்றார் பெரியம்மா. "நிச்சயம் பண்றதே அதுக்கு. அது இல்லாம நாங்க போயி இன்னா பண்றது?"

"டயர்ல எழுதிக்கீது," என்றேன். "இவ்ளோ கிலோ தான் தாங்கும்னு."

பெரியம்மாவுக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் அவர் முகம் மாறியதை இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன். "அப்போ துலாபாரம் இல்லியா? வேண்டுதல் இல்லியா? என்னிய வெறகு தராசுல ஏத்தி, ஊரே பாக்க நிறுத்துனது டயருக்கா? கற்பூரம் வேற ஏத்துனனேடா, படுபாவி!"

அப்போதுதான் கஸ்தூரி அசைந்தாள். டயர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த எழுத்தை விரலால் தடவித் தடவிப் படித்தாள். எழுந்து, இரண்டு முழத் தூரத்தில் நின்ற என்னைப் பார்க்காமல் தாய்மாமனிடம் சொன்னாள்: "மாமா, மத்த மூணு டயர்ல இன்னா எழுதிக்கீதுன்னு கேளுங்க."

"மாப்ளே, மத்த மூணு டயர்ல இன்னா எழுதிக்கீதுன்னு பொண்ணு கேக்குது," என்றார் மாமன்.

எனக்குத் தெரியாது. போய்ப் பார்த்தேன். காரைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தேன். ஆயிரத்து ஐம்பது. ஆயிரத்து ஐம்பது. ஆயிரத்து ஐம்பது. "அதே தான்," என்றேன்.

"அப்போ அது மூணும் சும்மா சுத்துதான்னு கேளுங்க மாமா."

மாமன் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. பக்கிரி அண்ணாத்தே பானட்டில் சாய்ந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "ஒரு டயருக்கு அவ்ளோடா மாமே! நானூத்தி எழுபத்தாறு கிலோ தான் மொத்தமும்னா, காலி காரே நிக்காதேடா!"

பூமி பிளக்கவில்லை. பிளந்திருந்தால் முதல் ஆளாக உள்ளே குதித்திருப்பேன்.

பெண்ணின் அப்பா நல்ல மனிதர். நேரமாகிறது, எல்லோரும் ஏறுங்கள் என்று கெஞ்சினார். பின்சீட்டில் ஐந்து பேர், முன்சீட்டில் மூன்று பேர், மடியில் தட்டுகள். எல்லோரும் ஏறினார்கள், கார் அசையாமல் நின்றது. டயருக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் காற்று முப்பத்திரண்டு அல்லவா? எஸ்டேட்டைத் தாண்டியதும் குண்டும் குழியுமான சாலை. கார் பந்து மாதிரி குதித்தது. ஒவ்வொரு குதிப்புக்கும் பெரியம்மாவின் தலை கூரையில் இடித்தது. ஒவ்வோர் இடிக்கும் அவர் என் பரம்பரையில் ஓர் ஆளைத் திட்டினார். கொள்ளுத்தாத்தா வரை போய்விட்டார். தேங்காய் உருண்டது. குத்துவிளக்கு பெரியப்பாவின் முட்டியைப் பதம் பார்த்தது. குங்குமச் சிமிழ் கவிழ்ந்து பெண்ணின் அம்மாவுடைய சேலை முழுக்கச் சிவப்பாகிவிட்டது. அதைப் பார்த்து அவர் அழ ஆரம்பித்துவிட்டார்.

"முப்பத்திரண்டுன்னா அதுக்கு மேல அடிக்காதேன்னு அர்த்தம் மாமே," என்றார் பக்கிரி அண்ணாத்தே, ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டே. "அவ்ளோ அடின்னு அர்த்தமில்ல. நெறஞ்ச வெயிட்டுக்குத் தான் அவ்ளோ காத்து. வெயில்ல ஓடுனா டயரு சூடாயி இன்னும் ஏறும்."

வண்டியை நிறுத்தச் சொன்னேன். காற்றை இறக்கி இந்த மானத்தையாவது காப்பாற்றிவிடலாம் என்று நினைத்தேன். இது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த தொழில். இரண்டு டயரில் சரியாக இறக்கினேன். மூன்றாவதில் அவசரப்பட்டேன். வால்வு ஊசியைக் கொஞ்சம் அதிகமாகத் திருகிவிட்டேன். காற்று ஒரு சீறு சீறியது, ஊசி பறந்து போய்ச் சாலையோரப் புதரில் விழுந்தது. முதலாளியின் சீமை டயர் என் கண்ணெதிரே பெருமூச்சு விட்டுப் படுத்தது.

"ஸ்டெப்னி எட்றா," என்றார் பக்கிரி அண்ணாத்தே.

நான் அவரைப் பார்த்தேன்.

"பம்பு?"

நான் தரையைப் பார்த்தேன்.

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பங்கை நோக்கி நடக்க ஆரம்பித்தார். நான் முட்டி போட்டுப் புதரில் ஊசியைத் தேடினேன். பத்து மணி ஆயிற்று. பத்தேகால் ஆயிற்று. மாங்காட்டில் என் அம்மா தட்டோடு கோயில் வாசலில் நிற்பது கண்ணில் தெரிந்துகொண்டே இருந்தது. பெண்ணின் அப்பா கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். பத்தரை.

கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் வளையல் சத்தம் கேட்டது. கஸ்தூரி. அவளும் தேடியிருக்கிறாள். ஊசியை என் உள்ளங்கையில் வைத்தாள். பம்பு இல்லாமல் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அது அவளுக்கும் தெரியும். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அன்று கைமாறியது அது ஒன்றுதான்.

பஸ் ஒன்று வந்தது. அவர்கள் எல்லோரும் வீட்டுக்குத் திரும்ப ஏறினார்கள். படியில் நின்றுகொண்டு பெரியம்மா சொன்னார்: "பாத்தியா, தொண்ணூத்தி நாலு கிலோவையும் பஸ்காரன் ஒரு வார்த்த கேக்காம ஏத்திகினான்!"

ஒரு வாரம் கழித்து, சம்பந்தம் வேண்டாம் என்று ஆள் வந்து சொன்னார். பெரியம்மாதான் காரணம் என்று நினைத்தேன். இல்லை. அவரைக்கூட ஒருவழியாகச் சமாதானம் செய்துவிட்டார்களாம். மறுத்தது கஸ்தூரிதான். தராசில் எடை போட்டதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லையாம். "எல்லாரையும் ஏத்திகினு என்னிய மட்டும் அப்புறம் வான்னாரே, அது ஒண்ணு போதும்," என்றாளாம். வந்தவருக்கு அம்மா காபி கொடுத்தார். நான் பங்குக்குப் போய்விட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து எனக்குத் தேவகியோடு கல்யாணமானது. (பஸ்ஸில்தான் போனோம்.) அதற்குள் கதை பூந்தமல்லி, ஆவடி எல்லாம் சுற்றி வந்துவிட்டது. இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் நான்கு பேர் ஒரு வண்டியில் ஏறினால் யாராவது ஒருவர், "எத்தினி கிலோ மிச்சம்?" என்று கத்துவார்கள். யாராவது அவசரப்பட்டு ஒன்றைச் செய்யப் போனால், "மத்த மூணு டயர பாத்தியா?" என்பார்கள். அந்தக் கேள்வியைக் கேட்டவள் யார் என்பது சொல்கிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தினமும் டயர் முன்னால்தான் குனிந்து உட்கார்ந்திருக்கிறேன்.

இதை எழுதி முடித்ததும் தேவகியிடம் கொடுத்தேன். அவளும் எட்டாம் வகுப்பு. ல, ள, ழ எல்லாம் திருத்திக்கொண்டே வந்தாள். இரண்டு இடத்தில் சிரித்தாள். கடைசியில் பேனாவை மூடிவிட்டுக் கேட்டாள்:

"ஏங்க, அன்னிக்கு உங்க வெயிட்டு அம்பத்தோரு கிலோன்னு நீங்களே எழுதிக்கீறீங்க. நீங்க எறங்கி பஸ்ல போயிருந்தா அந்தப் பொண்ணு ஒக்காந்துருக்குமே?"

ஒன்பது வருஷமாக அந்தக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறேன். டிரைவரைச் சேர்த்தேன், விளக்கைச் சேர்த்தேன், தேங்காயைக்கூடச் சேர்த்தேன். என்னைக் கழிக்கலாம் என்பது இன்று வரை எனக்குத் தோன்றவே இல்லை.

தேவகி இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு தேதியை எழுதுகிறேன்.

12-8-1979, ஞாயிற்றுக்கிழமை.